செல்வம் சார் வீட்டில் இல்லை

பென்னலூரில் பாப்பம்மாள் வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்த செல்வமேரிக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவதுதான் வேலை. இருங்காட்டுக்கோட்டை போகிற வழியில், பெங்களூர் ரோட்டின் மேலேயே இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் ரேடியோவுக்கும் டி.வி.க்கும் வேண்டிய காயில்களைச் செய்தார்கள். நீள மேஜையின் இரண்டு பக்கமும் முப்பது பெண்கள் உட்கார்ந்து, தலைமுடியை விடச் சற்றே தடித்த செம்புக் கம்பியை விரல்நுனியால் இழுத்து இழுத்துச் சுற்றுவார்கள். அவர்களில் பழைய கை செல்வமேரிதான். பதினான்கு வருஷம். வயது முப்பத்தேழு. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷத்தில் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றுபோனது. அம்மா போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க ஆள் இல்லை. ஆவடியில் இருந்த அண்ணன் கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு போடுவார்.

கம்பெனியில் டெஸ்டிங் பார்த்த டெனிசன் என்பவர் ஒருமுறை ஒரு தனி ஆர்டரைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். விரல் மோதிரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் கறுப்பு ஃபெரைட் வளையங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிகளைச் சேர்த்துப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். இது எதற்கு என்று அவள் கேட்டாள். ஆன்டெனாவையும் வயர்லெஸ் செட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் என்றார் டெனிசன். வீட்டிலேயே செட் செய்து, சர்க்கார் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, ஊர் விட்டு ஊர் பேசிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும், அவர்களை ஹாம் என்பார்கள் என்றும் சொன்னார். அதற்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று அவள் கேட்டதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் வேறு வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டார். போகும்போது விட்டுச்சென்ற ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் தனியாகவே படித்தாள். புள்ளியும் கோடுமான மோர்ஸ் எழுத்துகளை பஸ்ஸில் போகும்போது நாக்கால் மேலண்ணத்தில் தட்டித் தட்டிப் பழகினாள். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். லைசென்ஸ் வந்தபோது அதைக் காட்டுவதற்கு அவளுக்கு ஆள் தோன்றவில்லை. பீரோவில் அம்மா புடவைக்கு அடியில் வைத்தாள்.

செட்டை அவளே கட்டினாள். பழைய ரேடியோ ஒன்றின் உடம்பு, மோர்ஸ் தட்ட ஒடிந்த ரம்பத் தகட்டில் செய்த தட்டுக்கட்டை, ஆன்டெனாவாக வேப்பமரத்துக்கும் பனைமரத்துக்கும் இடையில் இருபது மீட்டர் கம்பி. முதன்முதலாக ஒருவர் பதில் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பெயர் என்ன என்று கேட்டு வந்தது. செல்வமேரி என்று முழுக்கத் தட்டுவது அன்று அவள் கைக்கு நீளம். பாதியில் குழறிவிடுமோ என்று பயந்து, செல்வம் என்று மட்டும் தட்டி நிறுத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து, நல்லது ஓ.எம். என்று வந்தது. ஓ.எம். என்றால் ஓல்டு மேன். இருபது வயதுக்காரனும் எழுபது வயதுக்காரரும் ஆண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெண் என்று தெரிந்தால் ஒய்.எல். என்பார்கள், யங் லேடி. அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர், எப்படி இருக்கீங்க செல்வம் என்றார்கள். மோர்ஸில் குரல் கிடையாது. திருத்தாமலே நான்கு வருஷம் ஓடிவிட்டது.

அன்று முதலில் பதில் கொடுத்தவர் நாகப்பன். ஜோலார்பேட்டையில் ரயில்வே தந்தி ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். ஞாயிறு காலை ஒன்பது மணி என்றால் அவருக்குச் செல்வம், செல்வத்துக்கு அவர் என்று ஆகிவிட்டது. சிக்னல் எப்படி, வானிலை எப்படி என்று வழக்கப்படி ஆரம்பித்து, பிறகு ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுவார். சாப்ட்டாச்சா ஓ.எம். என்பார். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியும் தனக்குச் சோறு பதமாக வடிக்க வரவில்லை என்பார். இடது காது மந்தமாகிவிட்டதை ஒருவருக்கும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன் என்று ஒருநாள் தட்டினார். மகள் வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இன்னொரு நாள். ஒரு வாரம் ஒன்றுமே சொல்லாமல், இன்று என் மனைவி இறந்த நாள், சும்மா கூட இரு என்று தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். செல்வமேரி கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு புள்ளியைத் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு புள்ளி வரும்.

அவளும் சொன்னாள், செல்வமாக இருந்து சொல்லக்கூடியதை. தனியாள், கம்பெனி வேலை, அம்மா இல்லை. எல்லாம் உண்மைதான்.

டாலர் தட்டுப்பாட்டில் வெளிநாட்டுச் சாமான் வருவது தொண்ணூற்றொன்றாம் வருஷம் அநேகமாக நின்றுபோனது. ஃபெரைட் வளையத்துக்கு ஹாம்கள் அல்லாடினார்கள். செல்வமேரியின் கம்பெனியில், ஓரம் சில்லு போன வளையங்களை ரிஜெக்ட் என்று ஒரு டப்பாவில் போட்டுவைப்பார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு அதில் தேறுவதை எடுத்துவருவாள். சொரசொரப்பான ஓரம் கம்பியின் மேற்பூச்சைக் கீறிவிடும் என்பதால் முதலில் வளையத்தின் மேல் மெல்லிய துணி நாடாவைச் சுற்றுவாள். மூன்று கம்பிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பாய் முடைந்தது போலப் பக்கத்தில் பக்கத்தில் போக வேண்டும். வளையத்தின் துளைக்குள் கம்பி எத்தனை தடவை நுழைகிறதோ அதுதான் கணக்கு. வெளியே எண்ணினால் ஒன்று குறைந்துபோகும். கடைசியில் நுனிகளைப் பிளேடால் சுரண்டி, முதல் கம்பியின் முடிவை இரண்டாவது கம்பியின் தொடக்கத்தோடு பற்றவைக்க வேண்டும். மூன்றும் ஒரே நிறம், எது எதன் நுனி என்று தெரியாது. அதனால் ஒன்றில் சிவப்பு நூலும் ஒன்றில் வெள்ளை நூலும் கட்டிவிட்டு, மூன்றாவதை வெறுமனே விடுவாள். போட்டோ ஃபிலிம் வரும் சின்ன டப்பாவுக்குள் வைத்து மெழுகு ஊற்றி மூடினால் முடிந்தது. அப்படிச் சுற்றி சேலத்துக்கும் நெல்லூருக்கும் ஜோலார்பேட்டைக்கும் தபாலில் அனுப்பினாள். அனுப்புநர் என்ற இடத்தில் செல்வம், பாப்பம்மாள் வீடு, பென்னலூர் என்று எழுதினாள். அதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

மே மாதம் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த கொலை நாட்டுக்கே தெரியும். மறுநாளிலிருந்து ரோடு முழுக்க போலீஸ். வீடு வீடாக விசாரித்தார்கள். கொன்றவர்கள் வயர்லெஸ் வைத்திருந்தார்களாம் என்று, அந்த வார்த்தையை ஊர் முழுக்க ரகசியம் போலச் சொன்னார்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேர் அவள் அறைக்கும் வந்தார்கள். அவள் பீரோவைத் திறந்து லைசென்ஸை எடுத்துக்கொடுத்தாள். அதை முதன்முதலாகப் பார்த்தவர்கள் அவர்கள்தான். நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். பெரியவராக இருந்தவர் மரியாதையாகவே பேசினார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் மேலிடத்திலிருந்து தகவல் வருகிற வரைக்கும் செட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் தெரு முனையைத் தாண்டியதும் பாப்பம்மாள் வந்து நின்றாள்.

"இன்னாமே இது. துணி காயப்போட்ற கம்பின்னுதானே நெனச்சிகினு இருந்தேன். மொதல்ல அத்த அவுத்துடு."

செல்வமேரி அன்றே கம்பியை இறக்கினாள். பனைமரத்தில் கட்டியதை அவிழ்க்க மட்டும் ஓர் ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. வேப்பமரத்துப் பக்கத்தை அவளே ஏணி போட்டு அவிழ்த்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அன்றிலிருந்து குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், வீட்டில் சொல்கிறார்கள் அக்கா, தப்பா நினைச்சுக்காதே என்று இரண்டு இடம் தள்ளிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி வரும், போகும். கம்பி இல்லாமல் செட்டைத் திறந்தால் இரைச்சல்தான் கேட்டது. அதையும் கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு அம்மாவின் பழைய புடவையால் மூடினாள். நாகப்பனுக்கு ஒரு கடிதம் போடலாம் என்று இரண்டு முறை உட்கார்ந்தாள். இந்த நேரத்தில் வயர்லெஸ் பற்றிக் கடிதம் எழுதினால் அவருக்கும் தொல்லை வருமோ என்று ஒரு பயம். செல்வம் என்று எழுதுவதா, மேரி என்று எழுதுவதா என்பது அதை விடப் பெரிய பயம். எழுதவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு. பாப்பம்மாள் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பதினொரு மணி இருக்கும். செல்வமேரி தலைக்குக் குளித்துவிட்டுத் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையும் தோளில் ஜோல்னாப் பையுமாக, ஒல்லியாக ஒரு பெரியவர் சந்துக்குள் வந்து நின்றார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவர் வாய் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காகிதத்தைப் பிடித்திருந்த கையின் ஆள்காட்டி விரல், அவர் யோசிக்கும்போது லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

"செல்வம் சார் வூடு இதானேம்மா? நான் ஜோலார்பேட்டைலேர்ந்து வரேன். நாகப்பன்னு."

"ஆமா, இதான்" என்றாள். பிறகு, தானே எதிர்பாராமல், "அவரு வீட்ல இல்லீங்க" என்றாள்.

"ட்யூட்டியா?"

"ஓ.டி. போட்டிருக்காங்க. சாயங்காலம் ஆயிடும்."

அவர் முகம் வாடிவிட்டது. விடியற்காலையில் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்தவர். நீங்க தங்கச்சியா என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கொண்டார். அவளும் தலையாட்டினாள். ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டாள், காபி கொடுத்தாள். காலையில் தேவாலயத்துக்குப் போகாமல் இருந்தது இதற்காகத்தானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. இப்போதே சொல்லிவிடலாம், ஒரு வாக்கியம் போதும் என்று நினைத்தாள். ஆனால் அவர் அதற்குள் செல்வத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

மே மாதத்துக்குப் பிறகு காணவில்லையே என்று பயந்துபோனதாகச் சொன்னார். பேப்பரில் ஊர்ப்பெயரைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லையாம். போலீஸ் வந்து செட்டை நிறுத்தச் சொன்னதை அவள் சொன்னாள். லைசென்ஸ் இருப்பதால் பயமில்லை, காலம் சரியானதும் விட்டுவிடுவார்கள் என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்தார். அவள் சுற்றி அனுப்பியதுதான். கோடை மழையில் தண்ணீர் இறங்கி, அது தெரியாமல் பவர் கொடுத்ததில் சூடேறி வளையம் இரண்டாக விண்டிருந்தது. செல்வத்திடம் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று எடுத்துவந்ததாகச் சொன்னார்.

"குடுங்க, நான் சுத்தித் தரேன்" என்றாள்.

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். கம்பெனியில் தனக்கு இதுதான் வேலை என்று சொல்லி, ஒரு புது வளையத்தை எடுத்துக்கொண்டு கதவு நிலையில் உட்கார்ந்தாள். அவர் உள்ளே செட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். புடவையை விலக்கிக் காட்டினாள். தட்டுக்கட்டையை ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். மேஜை தாழ்வாக இருப்பதைக் கவனித்து, அண்ணன் குள்ளமோ என்று கேட்டார். ஆமாம், குள்ளம்தான் என்றாள். போட்டோ ஏதும் இருக்கிறதா என்றார். அவருக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது என்றாள். ஒவ்வொரு பொய்யும் முந்தியதை விடச் சுலபமாக வந்தது.

பத்துச் சுற்றும் முடிந்து நுனிகளைச் சுரண்டும்போது அவர் நூலைப் பார்த்துவிட்டார். சிவப்பு, வெள்ளை, வெறும் கம்பி.

"ஓ. இதெல்லாம் நீங்கதான் சுத்திக் குடுக்கிறதா?"

"ஆமா. எல்லாம் நான்தான்."

செல்வம் யார் என்பதைப் பற்றி அன்று அவள் சொன்னதில் பொய் கலவாதது அது ஒன்றுதான். அவர் சிரித்துக்கொண்டே, செல்வம் ஒருநாள் கூடச் சொன்னதில்லையே என்றார். மெழுகு உறைந்ததும் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்ப எழுந்தபோது, மந்தமான காதுக்காரர்கள் பேசுவது போலக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்:

"அவரு எப்படி இருப்பாருன்னு கூட எனக்குத் தெரியாதும்மா. ஆனா பெத்த பொண்ணுகிட்ட சொல்லாததெல்லாம் அவருகிட்ட சொல்லிக்கீறேன். ஞாயித்துக்கெழம எனக்கு ரொம்ப நீளமாப் போவுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போகவில்லை. யாராவது பார்த்தால் பேச்சு வரும். சந்து முனை வரை அவர் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் வெகுநேரம் வைத்திருந்தாள். செல்வத்தின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஒருவர் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது அவனைத் தேடி.

அக்டோபரில் தகவல் வந்தது. செட்டைப் பயன்படுத்தத் தடை இல்லை என்று ஒரு கான்ஸ்டபிள் நேரிலேயே வந்து சொன்னார். அது பாப்பம்மாள் காதில் விழுந்தது. முன்பக்கம் தெரியாமல் கட்டிக்கொள் என்று அரை மனதாக ஒப்புக்கொண்டாள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கம்பி ஏறியது. அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு அவள் கூப்பிட்டாள். இரண்டாவது தடவை கூப்பிடும் முன்பே நாகப்பன் வந்துவிட்டார். அத்தனை வேகமாக அவர் தட்டி அவள் கேட்டதில்லை. தங்கச்சி சொன்னாங்களா, வந்தேனே, புது டப்பா அருமையாக வேலை செய்கிறது, தங்கச்சி சுற்றும் கை நீ தட்டும் கையை விடச் சுத்தம் ஓ.எம். என்று தட்டினார்.

அவள் கட்டையிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அவர் விளையாட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் இனி ஒவ்வொரு வாரமும் தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். அவளும் ஒரு தங்கச்சியை வளர்க்க வேண்டியிருக்கும். முடியாது என்று தோன்றியது. தங்கச்சி இல்லை என்று தட்டினாள். அன்று வீட்டில் இருந்தது நான்தான். செல்வமும் நான்தான். முழுப்பெயர் செல்வமேரி. மன்னிக்கவும்.

பதில் இல்லை. நாற்பது விநாடியோ ஒரு நிமிஷமோ. அவள் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, புரிந்தது என்பதற்கான எழுத்து இரண்டு முறை வந்தது. அப்புறம், பரவாயில்லை மேடம். அப்புறம் எழுபத்து மூன்று. எழுபத்து மூன்று என்றால் அன்பான வணக்கம். எல்லோரும் எல்லோருக்கும் போடுவது.

பத்து நாள் கழித்து நாகப்பனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையில் எழுதியிருந்த பெயர் செல்வி செல்வமேரி. தனக்குக் கோபம் கொஞ்சமும் இல்லை என்று எழுதியிருந்தார். ஒரு பெண் தனியாக இருந்து இதையெல்லாம் கற்றுக்கொண்டதற்குத் தான் பெருமைப்படுவதாகவும் எழுதியிருந்தார். அதன் பிறகு இரண்டு வரி எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே, நான் ஆம்பளை என்று நினைத்துச் சொன்னதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று இருந்தது. செல்வமேரி நான்கு வரியில் பதில் எழுதினாள். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று. அதுவும் பொய்தான். ஆனால் அதைச் சொல்லாமல் வேறு என்ன சொல்வது.

விஷயம் அலைவரிசையில் பரவியது. ஒருவரும் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சொல்லப்போனால், முன்னை விட மரியாதை கூடிவிட்டது. அவள் கூப்பிட்டால் மற்றவர்கள் விலகி, ஒய்.எல். முதலில் பேசட்டும் என்று வழிவிட்டார்கள். அவளுக்குப் புரிய வேண்டும் என்று நிதானமாகத் தட்டினார்கள். அவர்களில் பாதிப் பேரை விட அவள் கை வேகம். டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு வந்த தபால்களில் இப்போது அவள் முழுப்பெயர் இருந்தது. அதைப் பார்க்கும்போது மனசுக்கு இதமாக இருந்ததையும் சொல்ல வேண்டும். தபால்காரர் யாக்கோபு, இவ்வளவு கடிதம் உங்களுக்கு யார் போடுகிறார்கள் என்று கேட்டபோது, சேக்காளிங்க என்று சொல்லிவிட்டுத் தானே அதை யோசித்துப் பார்த்தாள்.

நாகப்பன் ஞாயிறு ஒன்பது மணியை விடவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்ல. காலை வணக்கம் மேடம், சிக்னல் நன்றாக இருக்கிறது, இங்கே வெயில், அங்கே எப்படி என்று கேட்பார். அவள் சொல்வாள். ஐந்து நிமிஷத்தில் எழுபத்து மூன்று வந்துவிடும்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, விடியற்காலையிலிருந்து மழை. இங்கே மழை என்று அவள் தட்டினாள். இங்கேயும் மழை என்று அவர் தட்டினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம் என்று முடித்துக்கொண்டார். அவள் செட்டை அணைக்காமல் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினாள். சற்று நேரத்தில் நாகப்பன் தட்டுகிற கை மறுபடி கேட்டது. சேலத்துக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சேலத்துக்காரருக்கும் அவள்தான் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி அனுப்பியிருந்தாள்.

மகள் தீபாவளிக்குக் கூப்பிடவில்லை ஓ.எம். என்று நாகப்பன் தட்டினார். மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். நான் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வேறு இந்த மழைக்கு வலிக்கிறது. சேலத்துக்காரர் நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தடவச் சொன்னார்.

செல்வமேரி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் கேட்டாள். அவர்கள் இருவரும் முடித்து எழுபத்து மூன்று போடும் வரை, ஒரு எழுத்து விடாமல் முழுக்கக் கேட்டாள். பிறகு எழுந்து, ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொட்டினாள்.